கங்கைகொண்டான் கான்ட்ராக்ட், அப்ரண்டிஸ், ஒரகடம்: மூன்று ஆஃபரை எப்படி ஒப்பிடுவது?

மானூரான்:

தங்கச்சி டிப்ளமா எலக்ட்ரானிக்ஸ் முடித்திருக்கிறாள். மூன்று ஆஃபர் கையில் இருக்கிறது.

முதலாவது கங்கைகொண்டான் சிப்காட்டில் சோலார் லைன். ஆர்டர் ஏஜென்சி பெயரில், 11 மாதம், சி.டி.சி. ரூ.18,500. பஸ்சுக்கும் கேன்டீனுக்கும் மாதம் 800 பிடிப்பார்கள். இரண்டாவது அதே சிப்காட்டில் வேறொரு ஆலையில் அப்ரண்டிஸ், ஒரு வருஷம், உதவித்தொகை 14,000. மூன்றாவது சென்னைப் பக்கம் ஒரகடத்தில் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாக ஆலை. இது கம்பெனியே நேரடியாகத் தரும் 2 வருஷ ஃபிக்ஸட் டெர்ம், சி.டி.சி. 22,000, ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் 4,000 பிடித்தம்.

வீட்டில் எல்லாரும் 22,000-ஐப் பிடி என்கிறார்கள். அவளுக்குப் பக்கத்திலேயே இருக்கத்தான் ஆசை. சம்பளத் தொகையை விட்டால் வேறு எதை எதைப் பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொக்கிரகுளம் கணக்கன்:

அண்ணாச்சி, சி.டி.சி.யை வைத்து ஒப்பிடாதீர்கள். கம்பெனி அவள் பேரில் செலவழிக்கிற மொத்தம் அது. முதலாளி கட்டும் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., வருஷ போனஸ் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். மூன்று பேரிடமும் பிரேக்-அப் ஷீட் கேளுங்கள். தர மறுத்தால் அந்த ஆஃபரை ஓரமாக வைத்துவிடலாம்.

18,500 எப்படி உடையும் என்று ஒரு மாதிரி போடுகிறேன். உங்கள் ஷீட்டில் எண்கள் கொஞ்சம் மாறும், கணக்குப் போடும் முறை இதுதான். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000, வருகை ஊக்கத்தொகை 1,500, ஆக கிராஸ் (பிடித்தம் போகுமுன் சம்பளம்) 14,500. முதலாளி பங்கு பி.எஃப். நிர்வாகக் கட்டணம், காப்பீடு சேர்த்து 13,000-இல் 13 சதவீதம், 1,690. ஈ.எஸ்.ஐ. கிராஸில் 3.25 சதவீதம், 472. போனஸ் 13,000-இல் 8.33 சதவீதம், 1,083. மிச்சம் 755-ஐ சீருடை, ஷூ, இதர என்று எழுதியிருப்பார்கள்.

இனி கைக்கு வருவது. 14,500-இலிருந்து அவள் பங்கு பி.எஃப். (13,000-இல் 12 சதவீதம்) 1,560 போகும். ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 109. பஸ், கேன்டீன் 800. மிச்சம் 12,031.

ஒரகடத்தையும் இதேபோல் உடைத்தால் அடிப்படை 13,500, கிராஸ் 17,500 என்று வரலாம். பி.எஃப். 1,620, ஈ.எஸ்.ஐ. 132, ஹாஸ்டல் 4,000 போக 11,748. சி.டி.சி.யில் 3,500 கூடுதல், கையில் 283 குறைவு! இதில் தீபாவளி, பொங்கலுக்கு ஊர் வந்து போகும் செலவைச் சேர்க்கவில்லை.

கைக்கு வராமல் சேருகிற பணமும் உண்டு. முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 பென்ஷனுக்குப் போய்விடும், 3.67 மட்டும் பி.எஃப். கணக்கில் விழும். கங்கைகொண்டான் கணக்கில் அவள் பங்கும் சேர்த்து மாதம் 2,037 சேரும். ஒரகடத்தில் 2,115. கைக்கு வருவதோடு இதையும், போனஸையும், ஒரகடத்துக்குக் கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) மாதப் பங்கு 649-ஐயும் சேர்த்தால் முதலாவது 15,151, மூன்றாவது 15,637. வித்தியாசம் மாதம் 486. வீட்டில் சண்டை போடுகிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

கிராஜுவிட்டியைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பு 5 வருஷம் முடிக்க வேண்டும். 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் ஃபிக்ஸட் டெர்ம் ஆட்களுக்கு ஒரு வருஷம் போதும். 13,500-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் வருஷத்துக்கு 7,788. இரண்டு வருஷத்துக்கு 15,577. பதினோராம் மாதத்தில் நின்றால் பைசா வராது. ஏஜென்சி ஒப்பந்தம் ஏன் 11 மாதம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடிப்படைச் சம்பளம் மொத்தத்தில் பாதிக்குக் கீழே இருக்கிறதா என்றும் பாருங்கள். அலவன்ஸ்கள் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையையும் சம்பளமாகவே எடுத்துக் கணக்கிட வேண்டும் என்பது அதே சட்டத் தொகுப்பு. அடிப்படையை 7,000 என்று காட்டி அலவன்ஸை ஊதிவிடும் பழைய வித்தை இனி செல்லாது. ஆனால் பழைய எக்செல் ஷீட்டையே திருப்பி அனுப்பும் ஏஜென்சிகளுக்குப் பஞ்சமில்லை.

ஓ.டி.க்கு (கூடுதல் நேர வேலைக்கு) இரட்டைக் கூலி. 13,000-ஐ 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 500, மணிக்கு 62.50, ஓ.டி. மணிக்கு 125. பே-ஸ்லிப்பில் ஓ.டி. மணியும் தொகையும் தனி வரியாக வர வேண்டும். "இன்சென்டிவ்" என்ற ஒற்றை வரியில் கலந்து போட்டிருந்தால் அநேகமாக ஒற்றைக் கூலிதான் கொடுத்திருப்பார்கள்.

பேட்டை ஃபிட்டர்:

கணக்கன் அண்ணாச்சி நடு ஆஃபரைத் தொடாம விட்டுட்டாவ. அதையும் சொல்லிருதேன்.

அப்ரண்டிஸ்னு வாயால சொன்னா அப்ரண்டிஸ் ஆயிராது தம்பி. 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் போட்டு, அரசு இணையத்துல பதிவாகி, பதிவு எண் வரணும். டிப்ளமாவுக்கு நாட்ஸ்ங்குத மத்திய அரசு அப்ரண்டிஸ் திட்டத்தோட போர்ட்டல். ஐ.டி.ஐ.க்கு அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா போர்ட்டல். உங்க தங்கச்சி தன்னோட லாகின்ல போய்ப் பாத்தா ஒப்பந்தம் தெரியணும். தெரியலைன்னா அவ அப்ரண்டிஸ் இல்ல, வெறும் கம்பெனி ட்ரெய்னி. பதிவான அப்ரண்டிஸுக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கிடையாது, அது சட்டப்படியே சரி. பதிவில்லாத ட்ரெய்னிக்கு ரெண்டையும் கட்டியாகணும். ட்ரெய்னின்னு பேர் வச்சு ரெண்டையும் கட்டாம லைன்ல நிறுத்துதது தப்பு. நடக்குதது பூரா இந்த இடைவெளியிலதான்.

2019 விதியில டிப்ளமாவுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 8,000ன்னு இருந்துச்சு. நாட்ஸ்ல குறைந்தபட்சத் தொகையில பாதி அரசு பங்கு, அது நேரா மாணவியோட வங்கிக் கணக்குக்கு வரும். 14,000ன்னா ஒரு பங்கு கம்பெனியிலிருந்து, ஒரு பங்கு அரசுகிட்ட இருந்துன்னு ரெண்டா வரலாம். அரசு பங்கு தாமதமானா, மாசம் எவ்வளவு உறுதியா வரும்னு சேருமுன்னே கேட்டுக்கிடுங்க. அந்தப் பணம் ஆதார் கடைசியா எந்தக் கணக்குல இணைஞ்சிருக்கோ அங்கதான் போகும். காலேஜ் ஸ்காலர்ஷிப்புக்குத் தொறந்து, இப்ப கே.ஒய்.சி. முடங்கிக் கிடக்குத கணக்குல போய் விழுந்துட்டு ‘பணமே வரலை’ன்னு அலையுத பிள்ளைக நிறைய. சேருமுன்னே வங்கியில கேட்டு, ஓடுத கணக்குக்கு மாத்திருங்க.

அடிபட்டா ஈ.எஸ்.ஐ. இல்லியேன்னு பயம் வரும். அப்ரண்டிஸ் சட்டத்துலயே வேலையாள் இழப்பீட்டுச் சட்டப்படி முதலாளி பொறுப்புன்னு இருக்கு. ஆனா சாதாரணக் காய்ச்சல், ஆஸ்பத்திரிச் செலவுக்கு அது உதவாது. குழு மருத்துவக் காப்பீடு உண்டான்னு கேளுங்க. ஓ.டி. பாக்கச் சொன்னா, அரசோட அப்ரண்டிஸ் ஆலோசகர் அனுமதி இல்லாம பாக்க வைக்கக் கூடாது.

முக்கியமானது வரிசை. படிப்பு முடிச்சு ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ வேலை அனுபவம் வந்துட்டா நாட்ஸுக்குத் தகுதி போயிரும். கான்ட்ராக்டுக்கு முதல்ல போயி, அது ஒரு வருஷத்தைத் தொட்டுட்டா, அப்புறமா அப்ரண்டிஸ் பாக்கலாம்னா கதவு அடைஞ்சிரும். அப்ரண்டிஸ் முடிச்சுட்டு கான்ட்ராக்டுக்கோ ஃபிக்ஸட் டெர்முக்கோ எப்ப வேணும்னாலும் போகலாம். அதனால பதிவு எண் சரியா இருந்தா ரெண்டாவது ஆஃபரைத்தான் எடுக்கச் சொல்லுவேன். முடிஞ்சதும் வேலை தந்தே ஆகணும்னு சட்டத்துல இல்ல, அதையும் தெரிஞ்சே போங்க.

தாழையூத்து மெயின்டனன்ஸ்:

பேட்டை ஃபிட்டர் சொன்ன வரிசை சரி. முடிவில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. எந்த மெஷினில் நிறுத்தப் போகிறார்கள் என்று தெரியாமல் எதையும் எடுக்க முடியாது.

சோலாரில் செல் லைன் வேறு, மாட்யூல் லைன் வேறு. செல் லைன் என்றால் வேஃபரை அமில, காரத் தொட்டிகளில் கழுவிச் சொரசொரப்பாக்குவது, உலையில் டிஃப்யூஷன், சிலேன் வாயுவை வைத்துப் படலம் ஏற்றுவது, வெள்ளிப் பசையை அச்சிட்டுச் சுடுவது. மாட்யூல் லைன் என்றால் செல்களை ரிப்பன் வைத்துப் பற்றவைக்கும் ஸ்ட்ரிங்கர், லே-அப், லேமினேட்டர், ஃப்ரேம், ஜங்ஷன் பாக்ஸ், ஃப்ளாஷ் சோதனை, பேக்கிங். ஆஃபரில் "ப்ரொடக்ஷன் அசோசியேட்" என்று மட்டும் போட்டிருந்தால் லோடிங், பேக்கிங், கண்ணால் பார்த்து ஒதுக்குதல் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமாவுக்கு அதில் வளர ஒன்றுமில்லை. அந்த வேலைகளே குறைந்துகொண்டும் வருகின்றன. ஈ.எல். படத்தில் (செல்லில் மின்சாரம் செலுத்தி எடுக்கும் படம்) கீறல் தேடுகிற வேலையைக் கேமராவும் மென்பொருளும் எடுத்துக்கொள்கின்றன.

நிற்கப் போகிற வேலை மெஷினைச் செட் செய்வது. ஸ்ட்ரிங்கரில் சூடும் அழுத்தமும் கூடினால் செல்லில் மயிரிழை விரிசல் விழும், ஈ.எல். படத்தில் கறுப்புக் கோடாகத் தெரியும். குறைந்தால் ரிப்பன் சரியாகப் பிடிக்காமல் பிறகு உரிந்து வரும். லேமினேட்டர் சுமார் 145 டிகிரியில் ஓடும். வேக்குவம் பம்ப் எண்ணெய் கெட்டாலோ ரப்பர் டயஃப்ரம் கிழிந்தாலோ உள்ளே குமிழி நிற்கும். எந்தப் பிழை எந்த ஸ்டேஷனிலிருந்து வந்தது என்று படத்தைப் பார்த்தே சொல்கிற ஆளை எந்த ஏஜென்சி மாறினாலும் கம்பெனி விடாது. பி.எல்.சி. (மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்), சென்சார், நியூமேடிக்ஸ் (காற்றழுத்தம்), வேக்குவம் இந்த நான்கும் தெரிந்தால் சோலார் சரிந்தாலும் டயர் ஆலைக்கோ தூத்துக்குடி கார் ஆலைக்கோ போகலாம்.

ஆகவே இன்டர்வியூவில் கேட்க வேண்டியது: எந்த ஸ்டேஷன், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சுழற்சி, பிரேக்டவுன் வந்தால் ஆபரேட்டர் மெயின்டனன்ஸ் ஆளோடு நிற்கலாமா அல்லது லைனை விட்டு விலகி நிற்க வேண்டுமா. கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

செல் லைனின் ஈரப்பகுதி என்றால் இன்னொன்று. அங்கே ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் உண்டு. பட்ட உடனே வலிக்காமல் இருந்து, தோலுக்குள் இறங்கி எலும்பு வரை போகும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்க வேண்டும், சேரும் வாரத்திலேயே பயிற்சி தர வேண்டும். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் அந்தப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள்.

சோலார் எத்தனை நாள் ஓடும் என்று சிலர் கேட்பார்கள். 2026 ஜூன் 1 முதல் செல்லுக்கும் மத்திய அரசின் அங்கீகாரப் பட்டியல் கட்டாயம். உள்நாட்டு செல் ஆலைகளுக்கு ஆள் எடுப்பு இப்போது வேகமாக இருப்பதற்கு அது பெரிய காரணம். கொள்கையை நம்பி நிற்கிற தொழில், கொள்கை மாறினால் ஆட்டம் காணும். ஏஜென்சி ஆளைத்தான் முதலில் நிறுத்துவார்கள்.

முக்கூடல் அக்கா:

தம்பி, உங்க வீட்டுல யாராவது பீடி சுத்துறாங்களா? தங்கச்சி பேருல எப்பவாவது பீடிக் கம்பெனி பாஸ் புத்தகம் போட்டிருக்கா? நம்ம பக்கம் பதினெட்டு முடிஞ்சதும் பிள்ளை பேருலயும் புத்தகம் போட்டு, அம்மா சுத்துன பீடியில கொஞ்சம் அதுல ஏத்துற வழக்கம் உண்டு. அப்படி இருந்தா அவளுக்கு ஏற்கெனவே பி.எஃப். கணக்கும் யு.ஏ.என்.னும் (எந்த வேலைக்குப் போனாலும் மாறாத பி.எஃப். எண்) இருக்கும். புது இடத்துல பி.எஃப்.புக்கு ஃபார்ம் 11 நிரப்பும்போது "இதுக்கு முன்னாடி உறுப்பினரா" என்ற கேள்விக்கு இல்லைன்னு எழுதிட்டா, ரெண்டாவது எண் உண்டாக்கப் பாப்பாங்க, ஆதார் இடிக்கும். அப்புறம் இணைக்கிறதுக்கு மாசக்கணக்கா அலையணும். பழைய எண்ணையே கொடுங்க. பழைய சர்வீசும் பென்ஷனுக்குச் சேரும், அதுக்கு மொத்தம் 10 வருஷம் வேணும்.

இதுல தகராறு எப்பவும் இனிஷியல்லதான் வரும். பாஸ் புத்தகத்துல ஒரு மாதிரி, ஆதார்ல அப்பா பேரு முழுசா, பத்தாம் வகுப்பு சர்டிஃபிகேட்ல இன்னொரு மாதிரி. சேருமுன்னே மூணையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. 2017 அக்டோபர் 1-க்கு அப்புறம் ஆதாரோட வந்த யு.ஏ.என்.னா போர்ட்டல்ல அவளே திருத்திக்கலாம். பழசுன்னா பீடிக் கம்பெனி கையெழுத்து வேணும். இப்பவே போய்க் கேளுங்க, வேலைக்குச் சேந்தப்புறம் லீவு கிடைக்காது. புதுசா எண் எடுக்கிறதுன்னா அரசோட உமாங் ஆப்ல முகத்தைக் காட்டி அவளே எடுக்கணும்.

ஏஜென்சி ஒழுங்கா கட்டுறவனான்னு சேருறதுக்கு முன்னாடியே பாக்க வழி இருக்கு. பி.எஃப். இணையத்துல "எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச்"னு ஒரு பக்கம், லாகின் வேண்டாம். ஏஜென்சி பேரைப் போட்டா மாசாமாசம் எந்தத் தேதியில எவ்வளவு கட்டினான், எத்தனை பேருக்குக் கட்டினான்னு வரும். அடுத்த மாசம் 15-க்குள்ள கட்டணும். 400 பேரை லைன்ல நிறுத்திட்டு 150 பேருக்குக் கட்டுறவனா இருந்தா அங்கேயே தெரிஞ்சுரும். சேந்த பிறகு பி.எஃப். பாஸ்புக்கை மாசம் ஒருதடவை பாத்தாப் போதும்.

ஈ.எஸ்.ஐ. பத்தி ரெண்டு வார்த்தை. சம்பளம் 21,000 வரைக்கும் உண்டு. வைத்தியம் சேந்த நாள்லேருந்து, அவளை நம்பி இருக்கிற அப்பா அம்மாவுக்கும் சேத்து. அதுக்குக் குடும்பத்தை ஆன்லைன்ல ஏத்தணும். பத்து இலக்க எண் மட்டும் வாங்கிட்டு வந்து நின்னா அம்மாவுக்கு டிஸ்பென்சரியில மருந்து தரமாட்டாங்க. ஒரகடம் போனாலும் பெத்தவங்க இருக்கிற ஊர் டிஸ்பென்சரியை அவங்களுக்குன்னு தனியா எழுதலாம். உடம்பு சரியில்லாம லீவு எடுத்தா 70 சதவீதம் பணம் கிடைக்கும், ஆனா புதுசா சேந்தவங்களுக்கு 9 மாசம் கழிச்சுதான். வேலையில அடிபட்டா இந்தக் காத்திருப்பு இல்ல. 11 மாசத்துல நிறுத்தி மாசக்கணக்கா வீட்டுல உக்கார வச்சு, ஆறு மாசக் கணக்குல 78 நாள் சேராமப் போனா அந்தச் சலுகை விழுந்துரும்.

மானூரான்:

எல்லாருக்கும் நன்றி. பாஸ் புத்தகம் உண்டு அக்கா, அம்மா போட்டது. இன்று பார்க்கிறேன். ஏஜென்சிக்காரர் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டும், சீருடைக்கு 3,000 டெபாசிட்டும் கேட்கிறார். 11 மாதம் முடிந்ததும் "வேறு ஏஜென்சி பெயரில் தொடரலாம், கவலை வேண்டாம்" என்கிறார். பஸ் தாழையூத்து வரைதான் வருமாம்.

கொக்கிரகுளம் கணக்கன்:

ஒரிஜினலைக் காட்டலாம், ஒப்படைக்கக் கூடாது. சரிபார்த்துக் கையோடு திருப்பித் தர வேண்டும், நகல் மட்டும் அவர்களிடம் இருக்கட்டும். ஆலை இயங்க ஆள் தருவதற்கு ஏஜென்சிக்குக் கம்பெனி சேவைக் கட்டணம் கொடுக்கிறது. பிறகு பிள்ளையிடம் எதற்கு 3,000? அதுவும் சி.டி.சி.யில் சீருடைக்கு ஏற்கெனவே ஒரு தொகை இருக்கும்போது! ஷீட்டைக் காட்டிக் கேளுங்கள். கட்டாயம் என்றால் ஆலையின் எச்.ஆர். ஆளிடம் நேரடியாகக் கேளுங்கள், பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்காது.

வேறு ஏஜென்சி பெயரில் தொடர்வது பற்றி. தமிழ்நாட்டில் 1981-ஆம் வருஷத்து நிரந்தரத் தகுதிச் சட்டப்படி 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் கேட்கலாம். பெயர் மாற்றுவது அந்தக் கணக்கை உடைக்க. கான்ட்ராக்ட் ஆள் அதை ஆலையின் மேல் நிரூபிப்பது நீண்ட வழக்கு, அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். ஆனால் பெயர் மாறும் நாளில் இரண்டு காரியம் செய்தே ஆக வேண்டும். பழைய ஏஜென்சியிடம் பாக்கிச் சம்பளம், ஓ.டி., போனஸ் பங்கு அத்தனையையும் வாங்க வேண்டும். வேலையை விட்டால் இரண்டு வேலைநாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்று இப்போது சட்டம் இருக்கிறது. ஏஜென்சி கைவிரித்தால் சம்பளத்துக்கு ஆலைதான் பொறுப்பு. அடுத்தது, பி.எஃப்.பை எடுத்துவிடாமல் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். எடுத்தால் சர்வீஸ் அறுந்துபோகும். 5 வருஷத்துக்குள் 50,000-க்கு மேல் எடுத்தால் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள்.

முக்கூடல் அக்கா:

பஸ் தாழையூத்து வரைக்கும்னா பி ஷிஃப்ட் ராத்திரி 10 மணிக்கு விட்டு அங்க இறங்குற பிள்ளை மானூருக்கு எப்படி வரும்? ஷிஃப்ட் நேரம், ஏறி இறங்குற இடம் ரெண்டையும் ஆர்டர்லயோ மெயில்லயோ எழுதி வாங்குங்க. ராத்திரி வேலைக்குப் பொம்பளைப் பிள்ளையோட சம்மதமும் வேணும், வீடு சேர்க்கிற ஏற்பாடும் வேணும். மானூர் ரோட்டுலேருந்து இன்னும் நாலஞ்சு பேர் வேலைக்கு வந்தா சேர்ந்து கேளுங்க, வேன் விடுவாங்க. ஒருத்தி கேட்டா விடமாட்டாங்க.

தாழையூத்து மெயின்டனன்ஸ்:

அப்ரண்டிஸ் ஆலையிலும் இதே பஸ் கேள்வியைக் கேளுங்கள். அங்கே எந்த டிபார்ட்மென்ட் என்று சொன்னார்களா? அதைத் தெரிந்துகொண்டு இங்கே போடுங்கள்.